விலங்குப் பண்ணையில் ஒரு சொல்வல்லான்

புரட்சி ஒன்று நிகழுங்கால் கொள்கை வகுப்பான் ஒருவனும், படை நடத்துவான் ஒருவனும், இவ்விருவர்க்கும் பின்னே நின்று நிகழ்ந்தது இன்னதென மக்களுக்கு எடுத்துரைப்பான் ஒருவனும் தோன்றுவர். முதலிருவர் பெயரையும் வரலாறு பொன்னெழுத்துக்களாற் பொறித்து வைக்கின்றது. மூன்றாமவன் பெயரோ பெரும்பாலும் மறைந்தொழிகின்றது. ஆயினும், முதலிருவரும் செய்தன யாவை என்பதைப் பின்வருவோர் அறிவது மூன்றாமவன் வாய்மொழியினாலேயாம். இத்தகையான் ஒருவனை ஜார்ஜ் ஆர்வெல் என்னும் ஆங்கில ஆசிரியர், 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்த 'விலங்குப் பண்ணை' என்னும் தம் சிறு நூலிற் படைத்துக் காட்டியுள்ளார். அவன் பெயர் ஸ்குவீலர். கீச்சென்று கத்துவோன் என்பது அப்பெயரின் பொருள். அவன் ஒரு பன்றி.

பன்றியை 'அவன்' என்று உயர்திணையாற் கூறுதல் வழுவன்றோ எனின், உவப்பும் சினமும் இழிப்பும் முதலாய காரணங்களால் திணை மயங்குதற்கு நன்னூலார் அமைதி கூறியிருக்கின்றனர். ஈண்டு எக்காரணம் பற்றி மயங்கிற்று என்பதைக் கட்டுரையைப் படித்து முடித்தபின் அன்பர்கள் துணிந்து கொள்வார்களாக.

கதையைச் சுருங்கக் கூறுவாம். இங்கிலாந்தில் ஜோன்ஸ் என்பார்க்கு உரிய பண்ணையொன்றில், மேஜர் என்னும் முதிய பன்றி தான் கண்ட கனவை ஏனைய விலங்குகட்கு உரைத்து, மனிதர் ஆட்சி ஒழியும் நாள் வரும் என்று அறிவுறுத்தி மூன்று நாட்களில் உயிர் நீத்தது. பின்னர் ஒரு நாள் பசி பொறாத விலங்குகள் திரண்டெழுந்து ஜோன்ஸைத் துரத்திவிட்டுப் பண்ணையைத் தமதாக்கிக் கொண்டன. எல்லா விலங்கும் ஒரு நிகர் என்பது ஈறாக ஏழு கட்டளைகள் வகுக்கப்பெற்றன. ஸ்நோபால், நெப்போலியன் என்னும் இரு பன்றிகள் தலைமை பூண்டன. சின்னாளில் நெப்போலியன் தான் மறைவில் வளர்த்த நாய்களை ஏவி ஸ்நோபாலை விரட்டிவிட்டுத் தனியரசு செலுத்தத் தொடங்கியது. ஆண்டுகள் பல சென்றபின், பன்றிகள் இரு காலால் நடந்து, மனிதரோடு அமர்ந்து மது அருந்திச் சீட்டாடின. வெளியே நின்று சாளரத்தின் வழியே நோக்கிய விலங்குகட்குப் பன்றி முகம் எது, மனித முகம் எது என்று தெரியவில்லை. 1917-ஆம் ஆண்டின் ருஷ்யப் புரட்சியும், அதன்பின் ஸ்டாலின் ஆட்சியில் அஃது அடைந்த நிலையுமே இக்கதையின் உட்பொருள் என்பதை யாவரும் அறிவர்.

இக்கதையைப் படிப்போர் நெப்போலியனை வெறுக்கின்றனர். பாக்ஸர் என்னும் உழைப்பாளிக் குதிரைக்காகக் கண்ணீர் விடுகின்றனர். ஸ்குவீலரைக் கண்டு நகைத்துவிட்டு அப்பாற் செல்கின்றனர். அவன் நகைக்கத்தக்கவனே. உருண்ட கன்னமும் மின்னும் கண்ணும் கீச்சுக் குரலும் உடைய சிறு கொழும் பன்றி அவன். கடினமான பொருளைப் பற்றி வாதிடுங்கால் இப்புறமும் அப்புறமுமாகத் துள்ளுவான். வாலை விரைந்து ஆட்டுவான். அவ்வால் ஆட்டத்திலேயே கேட்போர் மயங்குவர். ஆயினும், நெப்போலியன் முதல் ஏட்டிலிருந்து இறுதி ஏடு வரை பேசும் சொற்கள் மிகச் சிலவே என்பதை உற்று நோக்குவோர் காண்பர். அவன் உறுமுவான், கட்டளையிடுவான், மறைந்து கொள்வான். ஆட்சி முழுதும் விலங்குகளின் செவியில் நிகழ்வது ஸ்குவீலரின் நாவினாலேயே.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இப்பாத்திரம் ஓர் இடர்ப்பாட்டை விளைவிக்கின்றது. நாவன்மையை நாம் ஒரு செல்வமாகப் போற்றுகின்றோம். திருவள்ளுவர் அமைச்சியலில் 'சொல்வன்மை'க்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அவையறிதல், அவையஞ்சாமை, குறிப்பறிதல் என்பனவற்றையும் அவ்வியலிலேயே வைத்தார். இவை யாவும் ஸ்குவீலரிடத்துக் குறைவற அமைந்துள்ளன. அவன் அவையறிந்தவன், அவைக்கு அஞ்சாதவன், கேட்போர் முகத்தில் ஐயக்குறி தோன்றும் முன்னரே அதனைக் கண்டுகொள்பவன். அங்ஙனமாயின் அவனை நல்லமைச்சன் என்போமோ? அதிகார முறைவைப்பை நோக்குக. அறுபத்தைந்தாம் அதிகாரமாகிய சொல்வன்மையை அடுத்து அறுபத்தாறாவதாக நிற்பது வினைத்தூய்மை. சொல்லாற்றலைப் புகழ்ந்த வாய் மூடும் முன்னரே, செயல் தூயதாக வேண்டும் என்று ஆசிரியர் கூறத் தொடங்கிவிடுகின்றனர். ஸ்குவீலர் அறுபத்தைந்தில் நின்றுவிட்டவன். அடுத்த ஏட்டைப் புரட்டாதவன்.

அவன் முதன்முதல் வாய் திறப்பது பாலும் ஆப்பிளும் பற்றி. பண்ணையின் பால் நாடோறும் காணாமற் போகின்றது. அது பன்றிகளின் கூழிற் கலக்கப்படுவது பின்னர்த் தெரிகின்றது. காற்றில் உதிர்ந்த ஆப்பிள்களும் பன்றிகளுக்கே என ஆணை பிறக்கின்றது. ஏனைய விலங்குகள் முணுமுணுக்கின்றன. ஸ்குவீலர் வருகின்றான். பன்றிகள் தந்நலம் பற்றி இவற்றை உண்ணவில்லை. பலர்க்கு இவற்றின் சுவையே பிடிக்காது. மூளையால் உழைப்போர்க்கு இவை இன்றியமையாதன என்பது விஞ்ஞானத்தால் நிறுவப்பட்டது. ஆதலால் ஏனையோர் நலம் கருதியே இவற்றை விழுங்குகின்றோம் என்கின்றான். இவ்வளவும் கேட்போர்க்கு நகைப்பே விளைக்கும். ஆனால், இறுதியில் ஒரு வினாவை எழுப்புகின்றான்: பன்றிகள் தம் கடமையிற் தவறினால் ஜோன்ஸ் திரும்பி வருவானே, அதனை எவரேனும் விரும்புகின்றீர்களா? அவ்வளவே. ஜோன்ஸ் திரும்புவதை ஒரு விலங்கும் விரும்பவில்லை. ஆதலின் பாலும் ஆப்பிளும் பன்றிகட்கே ஆயின. ஒன்றனோடொன்று தொடர்பில்லாத இரு செய்திகளை ஓர் அச்சத்தாற் கட்டிவிடும் இம்முறையை அவன் மீண்டும் மீண்டும் கையாளுகின்றான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் நிறுத்தப்பட்டபோதும் ஜோன்ஸ். பன்றிகள் படுக்கையில் உறங்கியபோதும் ஜோன்ஸ்.

இம்முறை பழையது, எளிதிற் பிடிபடுவதும் ஆகும். இதனினும் நுண்ணியதும் கொடியதுமான ஒன்றை அவன் பின்னர்க் கற்றுக்கொள்கின்றான். மனிதரோடு வாணிகம் செய்யத் துணிகின்றது நெப்போலியன். வாணிகம் செய்யோம், பணத்தைத் தொடோம் என்று புரட்சியின் தொடக்கத்தில் உறுதி செய்துகொண்டதாகச் சில விலங்குகட்கு மங்கலாக நினைவு வருகின்றது. ஸ்குவீலர் அவ்வுறுதியை மறுத்து வாதிடவில்லை. அப்படியொரு தீர்மானம் நிறைவேறியதே இல்லை என்கின்றான். நீங்கள் கனவு கண்டீர்கள் போலும் என்கின்றான். அது யாண்டேனும் எழுதி வைக்கப்பட்டுள்ளதோ என்று வினவுகின்றான். எழுதி வைக்கப்படவில்லை என்பது உண்மை. ஆதலின் தாமே பிழைபட நினைத்தோம் என்று விலங்குகள் அமைகின்றன. பொய்யன் ஒருவன் தன் சொல்லை நம்புமாறு செய்வது பெரிதன்று. கேட்போன் தன் நினைவையே நம்பாதவாறு செய்கின்றானே, அதுவே பெரிது. அதன்பின் அவன் பொய் உரைக்க வேண்டியதும் இல்லை. நினைவிழந்தோன் தானே வந்து அவனிடம் உண்மை யாதெனக் கேட்பான்.

எழுதப்படாததற்கு இந்நிலை என்றால், எழுதப்பட்டதற்கு உற்றது யாது? ஏழு கட்டளைகளும் பெரிய களஞ்சியத்தின் தார் பூசிய சுவரில், முப்பது கஜத் தொலைவிலிருந்தும் படிக்கத்தக்க பெரிய வெள்ளெழுத்துக்களில் எழுதப்பெற்றன. ஏணியின் மேல் நின்று எழுதியது ஸ்நோபால். அதற்குச் சில படிகள் கீழே, சாயக் கலயத்தை ஏந்தி நின்றவன் ஸ்குவீலர். ஆசிரியர் இதனைப் போகிற போக்கிற் கூறிவிடுகின்றார். முதன்முறை படிப்போர் இதனைக் கருதுவதில்லை. ஆயின், எழுதிய ஸ்நோபால் பின்னர் நாடு கடத்தப்பட்டது. கலயம் ஏந்தியவன் கையில் கலயம் எஞ்சி நின்றது.

படுக்கையில் உறங்கலாகாது என்னும் கட்டளையில், விரிப்பின்மேல் என்னும் பொருள்பட இரு சொற்கள் புகுந்தன. விலங்கு விலங்கைக் கொல்லலாகாது என்பதிற் காரணமின்றி என்னும் பொருள்பட இரு சொற்கள். மது அருந்தலாகாது என்பதில் அளவிறந்து என்னும் பொருள்பட இரு சொற்கள். ஆங்கில மூலத்தில் ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டே சொற்கள். கட்டளையின் ஒரு சொல்லும் அழிக்கப்படவில்லை. உரையாசிரியர்கள் பாடபேதம் காட்டுவது போல எவரேனும் இரு பாடங்களையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கியிருந்தால் களவு வெளிப்பட்டிருக்கும். ஆனால், பழைய பாடம் விலங்குகளின் நெஞ்சையன்றி வேறெங்கும் இல்லை; நெஞ்சையோ ஸ்குவீலர் முன்னரே கெடுத்து வைத்துவிட்டான்.

யாத்திராகமத்திற் கடவுள் தம் கட்டளைகளைக் கற்பலகையில் எழுதி மோசேயிடம் அளித்தார் என்று படிக்கின்றோம். கல்லிற் பொறித்ததை ஏணியும் தூரிகையும் கொண்டு இரவோடிரவாக மாற்றுதல் இயலாது. மேலும், உபாகமத்தில் மோசே இஸ்ரவேலருக்குக் கட்டளைகளை விளக்கப் புகுமுன், அவற்றோடு ஒன்றைக் கூட்டவும் வேண்டா, அவற்றினின்று ஒன்றைக் குறைக்கவும் வேண்டா என எச்சரிக்கின்றார். கூட்டுதலைக் குறைத்தலுக்கு முன் வைத்தது ஏன் என்பது எனக்கு நெடுங்காலம் விளங்காதிருந்தது. ஸ்குவீலரின் வெண்சாயத்தைக் கண்டபின் விளங்கிற்று. கட்டளையை நீக்கினால் மக்கள் காண்பர். அதனோடு கூட்டினால், சட்டம் நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தோன்றும்.

நிலவு பட்ட ஓர் இரவில் அவன் கையும் களவுமாக அகப்பட்டான். நள்ளிரவில் முற்றத்திற் பேரொலி கேட்டு விலங்குகள் ஓடி வந்தன. கட்டளைச் சுவரின் அடியில் ஏணி இரண்டாக முறிந்து கிடந்தது. அதனருகே ஸ்குவீலர் மயங்கிக் கிடந்தான். விளக்கும் தூரிகையும் கவிழ்ந்த சாயக் கலயமும் பக்கத்திற் சிதறியிருந்தன. இதனினும் தெளிவான சான்று நீதிமன்றத்திலும் கிடைப்பதரிது. நாய்கள் அவனைச் சூழ்ந்து கொண்டு, அவன் நடக்க வல்லனான அளவில் வீட்டிற்கு அழைத்துச் சென்றன. நிகழ்ந்தது யாதென்று விலங்குகட்குப் புரியவில்லை. பெஞ்சமின் என்னும் கிழக்கழுதை மாத்திரம் அறிந்தது போலத் தலையசைத்தது, ஒன்றும் உரைக்கவில்லை. அன்றிரவு ஸ்குவீலர் எவ்விளக்கமும் தரவில்லை என்பது கருதத்தக்கது. விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

இனி, ஸ்நோபாலின் கதை. ஜோன்ஸின் ஆட்கள் பண்ணையைத் தாக்கிய போரில் ஸ்நோபால் முன்னின்று பொருது முதுகிற் குண்டடிபட்டது. முதல் வகுப்பு வீரப் பதக்கமும் பெற்றது. அதனைத் துரத்தியபின் ஸ்குவீலர், முதலில் அதன் வீரத்தை மிகைப்படுத்தி விட்டோம் என்றான். பதக்கமே பெற்றதில்லை என்றும் கூறினான். தொடக்க முதலே ஜோன்ஸின் ஒற்றன் என்று மறைவான ஆவணங்களாற் புலப்பட்டது என்றான். இவ்வாவணங்களை ஒரு விலங்கும் கண்டதில்லை. பாக்ஸர் குதிரை மட்டும், தன் கண்ணாற் கண்ட போரை நினைந்து, இதனை நம்பேன் என்றது. நூல் முழுவதிலும் ஸ்குவீலரை நேர்நின்று மறுத்த குரல்களுள் இதுவே வலியது. ஸ்குவீலர் உடனே நெப்போலியன் பெயரைக் கூறினான். தலைவர் ஐயந்திரிபின்றி இதனை உரைத்துவிட்டார் என்றான். அங்ஙனமாயின் சரியே என்று பாக்ஸர் பணிந்தது. ஆனால், ஸ்குவீலர் தன் மின்னும் கண்களால் அதனைக் கொடிதாக நோக்கியதை ஆசிரியர் குறிக்கத் தவறவில்லை. நான்கு நாட்கள் கழித்து நெப்போலியனின் நாய்கள் பாக்ஸரின்மேற் பாய்ந்தன.

இது கட்டுக்கதையன்று. செஞ்சேனையை அமைத்து நடத்திய ட்ராட்ஸ்கி 1927-இற் கட்சியினின்று நீக்கப்பட்டார். 1929-இல் நாடு கடத்தப்பட்டார். 1940-இல் மெக்ஸிகோவிற் கொலையுண்டார். அவர் இருந்த இடத்திலெல்லாம் இல்லாதவாறு செய்யப்பட்டார். 1920-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் மாஸ்கோவில் லெனின் மேடைமீது நின்று படைவீரர்க்கு உரையாற்றும் புகழ்பெற்ற நிழற்படம் ஒன்றுண்டு. மேடைப் படியில் ட்ராட்ஸ்கியும் காமெனெவும் நிற்பர். பின்னாளைப் பதிப்புகளில் அப்படியில் ஒருவரும் இல்லை. தார்ச்சுவரும் வெண்சாயமும் அங்கே புகைப்படக் கூடத்திற்குள் புகுந்துவிட்டன. 'உண்மை' என்று பொருள்படும் 'பிராவ்தா' என்பது அந்நாளில் அந்நாட்டு ஆளுங் கட்சிப் பத்திரிகையின் பெயராயிருந்தது. ஸ்குவீலர் அப்பத்திரிகையின் உருவகமே என்று உரைப்போர் பலர். ஒரு தனி மனிதரின் உருவகம் என்பாரும் உளர். யான் முன்னையோர் பக்கமே சாய்கின்றேன். ஸ்குவீலருக்குத் தனி வாழ்வென்று ஒன்றும் காட்டப்படவில்லை.

எண்களைக் கையாள்வதிலும் அவன் வல்லன். ஞாயிறுதோறும் காலையில் நீண்ட தாள் ஒன்றைக் காற்குளம்பாற் பற்றிக்கொண்டு, இவ்விளைபொருள் இருநூறு விழுக்காடு பெருகிற்று, அவ்விளைபொருள் ஐந்நூறு விழுக்காடு பெருகிற்று என்று படிப்பான். விலங்குகள் கேட்டுக் கொண்டிருக்கும். எண்கள் குறைந்து உணவு மிகுந்தால் நன்றாயிருக்குமே என்று அவற்றுக்குச் சிற்சில நாள் தோன்றுவதுண்டு. உணவு குறைக்கப்படும்போது அவன் குறைத்தல் என்னும் சொல்லை ஆளான். சீர்திருத்தி அமைத்தல் என்பான். மங்கல வழக்கு என்று நாம் இலக்கணத்திற் படிப்பது இறந்தவனைத் துஞ்சினான் என்று கூறும் பண்பாட்டிற்கு உரியது. அதனையே பசித்தவன் வாயை அடைக்க ஆளுதல் வேறு. மெய்யுலகில், 1937-ஆம் ஆண்டு சனவரியில் சோவியத் நாட்டிற் குடிக்கணக்கு எடுக்கப்பெற்றது. தொகை ஆட்சியாளர் எதிர்பார்த்ததினும் குறைந்து நின்றது. 1932, 1933-ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் மாண்டோர் அத்தொகையில் இல்லை. கணக்கு வெளியிடப்படவில்லை. கணக்கெடுத்த அதிகாரிகள் சிறை புகுந்தனர்.

நிற்க. ஸ்குவீலர் தீயவனா என்னும் வினாவை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். இது விளையாட்டு வினாவன்று. நம் இலக்கியத்தில் நாவினால் நாட்டைக் கவிழ்த்தவள் கம்பர் காட்டும் கூனி. கைகேயியின் தூய உள்ளத்தைச் சிறிது சிறிதாக அவள் திரித்த திறம் சொல்வன்மைக்கு ஓர் எல்லை. ஆயின், கூனிக்குப் பகை உண்டு. இளமையில் இராமன் வில்லுண்டையால் தன் முதுகிற் செய்த விளையாட்டை அவள் மறந்திலள். பகையும் ஒருவகைப் பற்றே. பற்றுள்ளவரை மனம் திரும்புதற்கும் வழியுண்டு. ஸ்குவீலரிடம் பகையைத் தேடினும் காணோம். ஸ்நோபாலின் மேல் அவனுக்குச் சினமில்லை. நெப்போலியன்மேல் அன்பு உண்டென்பதற்கும் சான்றில்லை. ஸ்நோபால் வென்றிருப்பின் அவன் நெப்போலியனை ஒற்றன் என்று நிறுவியிருப்பான். அதே வால், அதே துள்ளல். அவன் அறத்திற்குப் பகைவனும் அல்லன். பிறவிக் குருடனுக்கு வண்ணம் எங்ஙனமோ அங்ஙனம் அவனுக்கு மெய்யும் பொய்யும். எச்சொல் இப்போது வேலை செய்யும் என்பது ஒன்றே அவன் அறிந்த வேறுபாடு.

இதனைக் காட்டும் இரு நிகழ்ச்சிகள் உள. ஒன்று, காற்றாலைப் போர். மனிதர் மீண்டும் தாக்கி, விலங்குகள் ஈராண்டு உழைத்துக் கட்டிய காற்றாலையை வெடிமருந்தால் தகர்த்தெறிந்தனர். பல விலங்குகள் மாண்டன. பாக்ஸரின் முழங்காலிற் குருதி ஒழுகுகின்றது, குளம்பு பிளந்துள்ளது. போர் நடந்த நேரமெல்லாம் காணப்படாத ஸ்குவீலர் அப்போது வாலை ஆட்டிக்கொண்டு துள்ளி வருகின்றான். வெற்றியைக் கொண்டாடத் துப்பாக்கி முழங்குகின்றது என்கின்றான். எந்த வெற்றி என்று பாக்ஸர் வினவுகின்றது. வஞ்சகமற்ற அவ்வினாவை அவன் உணரவும் இல்லை. நம் மண்ணை மீட்டோம் அன்றோ என்கின்றான். ஏற்கெனவே நமதாயிருந்ததைத்தானே மீட்டோம் என்கின்றது குதிரை. அதுதான் வெற்றி என்று முடிக்கின்றான் இவன்.

மற்றொன்று பாக்ஸரின் முடிவு. ஆண்டுக்கணக்கில் அனைவருக்கும் மேலாக உழைத்த அக்குதிரை கல் இழுக்கும்போது வீழ்ந்தது. மருத்துவமனைக்கு அனுப்புவதாகக் கூறி வண்டியொன்று வருவிக்கப்பட்டது. வண்டியின் பக்கத்தில் எழுதியிருந்தது கிழக்குதிரைகளை வாங்கிக் கொல்பவனின் பெயர். மூன்று நாள் கழித்து ஸ்குவீலர் வந்து, பாக்ஸர் மருத்துவமனையில் தன் கண்முன் உயிர் நீத்ததாகக் கூறிக் காலை உயர்த்திக் கண்ணீர் துடைத்தான். வண்டி முன்னர்க் கொலைஞனுக்கு உரியதாயிருந்தது, மருத்துவர் அதனை விலைக்கு வாங்கிப் பழைய பெயரை அழிக்காது விட்டார் என்று விளக்கினான். விலங்குகள் ஆறுதல் எய்தின. பன்றிகளின் வீட்டிற்கு மதுப்பெட்டி ஒன்று வந்திறங்கியது. அக்கண்ணீர் பொய்யா? அவன் அழுத நேரத்தில் மெய்யாகவே அழுதிருப்பான் என்றே யான் கருதுகின்றேன். இத்தகையோர்க்கு அழுகையும் கைவந்த கருவிகளுள் ஒன்று. கருவிக்குப் பொய்மை ஏது?

இப்பாத்திரத்தை ஆர்வெல் எங்கிருந்து கண்டெடுத்தார்? மாஸ்கோவிலிருந்து மட்டும் அன்று. அவர் 1903-இற் பிறந்த ஊர் பீகாரிலுள்ள மோதிஹாரி. தந்தையார் அபினி இலாகாவில் அலுவலர். தாமும் 1922 முதல் 1927 வரை பர்மாவிற் போலீஸ் அதிகாரியாயிருந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 முதல் 1943 வரை, இலண்டன் பி. பி. ஸி.யின் இந்தியப் பகுதியில் அமர்ந்து நம் நாட்டினரை நோக்கி ஒலிபரப்பு நிகழ்ச்சிகள் அமைத்தார். போர்ச்செய்தி விளக்கங்கள் எழுதினார். ஒவ்வொரு தாளும் தணிக்கையாளர் கண்பட்ட பின்னரே ஒலிபரப்பப்பெற்றது. அவர் எழுதிய விளக்கங்களுட் சில தமிழிலும் பெயர்க்கப்பெற்று ஒலிபரப்பாயின. காந்தியடிகளும் ஏனைத் தலைவர்களும் 1942 ஆகஸ்டிற் சிறைபுகுந்த காலமும் அதுவே. ஏகாதிபத்தியத்தை வெறுத்தவர், அவ்வேகாதிபத்தியத்தின் ஒலிபெருக்கி முன் அமர்ந்திருந்தார். அவர் பொய் எழுதினார் என்று யான் கூறவில்லை. கூறத் தகாததைக் கூறாது விடும் கலையை அவர் நாள்தோறும் அருகிருந்து கண்டார் என்பதே கருத்து. தம் காலமும் பொதுமக்கள் பணமும் பயனின்றிக் கழிகின்றன என்று கருதி 1943-இல் அவ்வேலையினின்று விலகினார். விலகிய கையோடு எழுதத் தொடங்கியது இந்நூல். 1944 பிப்ரவரியில் எழுதி முடித்தார்.

முடித்த நூலை வெளியிடுவார் எளிதிற் கிடைத்திலர். ருஷ்யா அன்று பிரிட்டனின் போர்த்துணைவன். கோலன்ஸ் மறுத்தார், கேப் நிறுவனத்தார் செய்தி அமைச்சின் அதிகாரி ஒருவர் கருத்துக் கேட்டுப் பின்வாங்கினர், கவிஞர் டி. எஸ். எலியட் பேபர் நிறுவனத்தின் சார்பில் மறுப்பு எழுதினார். செக்கர் அண்டு வார்பர்க் துணிந்து வெளியிட்டனர். ஸ்குவீலர் இத்துடன் விட்டானோ எனின், இல்லை. 1954-இல் இங்கிலாந்தில் இந்நூல் சித்திரத் திரைப்படமாக வந்தது. அதற்கு அமெரிக்க உளவுத்துறை மறைவிற் பொருளுதவி செய்தது. படத்தின் இறுதியில் விலங்குகள் மீண்டும் கிளர்ந்தெழுந்து பன்றிகளைத் தாக்குகின்றன. நூலில் அவ்வாறு இல்லை. சுவரில் இரு சொற்களைக் கூட்டியவனைப் பழித்த கதைக்கே ஒரு முடிவு கூட்டப்பட்டது. பொருள் அளித்தோர் இம்முறை எதிர்க்கரையினர் என்பதொன்றே வேறுபாடு.

கிறிஸ்தவர்களாகிய எம்மனோர் இந்நூலில் கண்ணை மூடிக்கொண்டு கடந்து செல்ல விரும்பும் ஓரிடம் உண்டு. மோசே என்னும் பெயருடைய காக்கை ஒன்று, மேகங்களுக்கு மேலே கற்கண்டு மலை இருக்கின்றது, இறந்த விலங்குகள் அங்கே செல்லும் என்று உரைத்துத் திரிகின்றது. அஃது உழைப்பதில்லை, புரட்சிக்கு முன் ஜோன்ஸின் செல்லப் பறவையாயும் ஒற்றனாயும் இருந்தது. அதன் கதைகளைப் பொய்யென நிறுவப் பன்றிகள் அந்நாளில் பெரிதும் வாதாட வேண்டியிருந்தது. சில ஆண்டு கழித்து அக்காக்கை திரும்பி வருகின்றது, அதே கதை. இப்போது பன்றிகள் அதனைப் பொய்யென்று இகழ்ந்து கூறிக்கொண்டே, தங்குவதற்கு இடமும் நாள்தோறும் சிறிது மதுவும் அளிக்கின்றன. பசித்த விலங்குகட்கு ஸ்குவீலரின் எண்களினும் காக்கையின் மலை ஆறுதல் தருமாயின், அதுவும் ஆட்சிக்கு நன்றேயன்றோ! இதனை நம் சமயத்தின்மேல் எறிந்த கல்லென்று சினப்பார் உளர். யான் சினவேன். ஆள்வோன் அளக்கும் மதுவை நாள்தோறும் பெற்றுக்கொண்டு மறுமை பேசுவோரை வேதாகமமே நம்மினும் கடிந்துரைக்கின்றது. தாவீது அரசன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து அவனையும் கொல்வித்தபோது, நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் சென்று, செல்வன் ஒருவன் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த கதையைக் கூறினார். அரசன் வெகுண்டெழுந்து தண்டனை விதித்த அளவில், அம்மனிதன் நீயே என்றார். அதுவும் விலங்கு வந்த கதை, அதுவும் புனைவு. நாத்தானின் புனைவு அரசனுக்கு உண்மையைக் காட்டிற்று. ஸ்குவீலரின் புள்ளிக்கணக்கு குடிகளுக்கு உண்மையை மறைத்தது. ஆகவே புனைவு என்பதனாலேயே ஒன்று பொய்யாவதுமில்லை. எண் என்பதனாலேயே ஒன்று மெய்யாவதுமில்லை.

இனிக் கேட்டவர்களின் பக்கம் திரும்புவோம். ஸ்குவீலரின் விளக்கங்கள் மெலிந்தவை. நம்மில் எவரும் ஒரு நொடியில் உடைத்துவிடலாம். பின் எவ்வாறு நிலைத்தன? அவன் பேசும்போது சில வேளைகளில் இரண்டு மூன்று நாய்கள் அருகே நின்று உறுமின என்பதை ஆசிரியர் மறவாது எழுதுகின்றார். சொல்வன்மையின் பாதி அந்நாய்களின் பல்வன்மை. ஆனால் மறுபாதி? பாக்ஸர் நான்கு எழுத்துக்கு மேல் கற்க இயலாதது. தலைவர் சொல் என்றும் சரி என்று தன்னைத் தேற்றிக்கொள்வது. கிளோவர் என்னும் தாய்க்குதிரைக்கு எழுத்துக்கள் தெரியும். கூட்டிப் படிக்கத் தெரியாது. கட்டளை மாறிவிட்டதென்று ஐயுற்று ஒவ்வொரு முறையும் சுவரின் முன் வந்து நிற்பது அஃதொன்றே. மியூரியல் என்னும் ஆட்டை அழைத்துப் படிக்கச் சொல்லும். மியூரியல் சுவரில் உள்ளதை உள்ளவாறே படிக்கும். விரிப்பைப் பற்றிய சொல் முன் இருந்ததாகக் கிளோவருக்கு நினைவில்லை. ஆயினும் சுவரில் இருக்கின்றதே, முன்னும் இருந்திருக்கும் என்று தெளியும். நூலில் என் நெஞ்சை மிக வருத்திய இடம் பாக்ஸரின் சாவன்று. சுவரின் முன் நிற்கும் இக்குதிரையின் அமைதியேயாம்.

பெஞ்சமின் கழுதையோ எந்தப் பன்றிக்கும் குறையாது படிக்க வல்லது. படிக்கத் தகுந்தது ஒன்றுமில்லை என்று கூறிப் படியாதிருந்தது. ஏணி முறிந்த இரவில் அதற்கு எல்லாம் விளங்கிற்று, வாளாவிருந்தது. அதன் அறிவைப் பாராட்டி, ஆசிரியரே கழுதை வடிவில் நிற்கின்றார் என்பாரும் உண்டு. அப்பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. அது வாய் திறந்தது பாக்ஸரை வண்டியில் ஏற்றிய பின்னர். ஏனைய விலங்குகள் விடைகூறி நிற்க, மூடர்களே, பக்கத்தில் எழுதியிருப்பதைக் காணீரோ என்று கதறிப் படித்துக் காட்டிற்று. விலங்குகள் வண்டியின் பின் ஓடின. பாக்ஸரும் உள்ளிருந்து கதவை உதைத்தது. உடைக்கும் வலிமை அதற்கு அப்போது இல்லை. பல திங்கட்கு முன் சாயக் கலயம் கவிழ்ந்த இரவில் அதே குரல் எழுந்திருப்பின், அன்று பாக்ஸரின் கால்களில் வலிமை இருந்தது. கல்லூரியிற் பயின்று வெளியேறும் நமக்குப் பாக்ஸரைப் போல் ஆவோமோ என்னும் அச்சம் வேண்டுவதில்லை. நமக்கு அணிமையில் நிற்பது அக்கழுதையே.

இறுதி அதிகாரத்தில் ஸ்குவீலர் அரிதிற் கண் திறந்து பார்க்கும் அளவு கொழுத்துவிடுகின்றான். ஆடுகளைத் தனியே ஓட்டிச் சென்று ஒரு வாரம் புதிய முழக்கம் ஒன்றைப் பயிற்றுகின்றான். பின்னர் ஒரு மாலையில், பண்ணைவீட்டின் வாயிலினின்று இரு காலால் நடந்து வெளிவரும் முதற் பன்றி அவனேயாவான். ஆடுகள் கற்ற முழக்கத்தை உரக்கப் பாடுகின்றன. கிளோவர் கண் மங்கியதாய்ப் பெஞ்சமினைச் சுவரண்டை அழைத்துச் சென்று படிக்கக் கேட்கின்றது. ஏழு கட்டளைகள் இருந்த இடத்தில் ஒன்றே இருக்கின்றது. மறுநாள் பன்றிகள் கையிற் சாட்டை ஏந்தி வேலை வாங்குகின்றன. அதற்கு மறுநாட்களில் வானொலிப் பெட்டி வருகின்றது, பத்திரிகைகள் வருகின்றன, ஜோன்ஸின் உடைகளை எடுத்து உடுத்துகின்றன. இவற்றுள் ஒன்றையேனும் விளக்குவதற்கு ஸ்குவீலர் வரவில்லை. அவன் இரு காலால் நடந்த மாலைக்குப் பின் நூல் முடியும்வரை ஒரு சொல்லும் பேசியதாக ஆசிரியர் காட்டவில்லை. பழைய நாளை நினைவு கூர்ந்து ஏன் என்று கேட்போர் அப்பண்ணையில் அப்போது அநேகமாக எவரும் எஞ்சியிருக்கவில்லை.